அழைத்தாள், மணி அடிக்கவில்லை: கைப்பேசி இல்லாத ஒரு சிறுமியின் மூன்று மணி நேரம்

பின்னணி

இந்த நிகழ்வில் வரும் சிறுமிக்கு அப்போது ஒன்பது வயது. தாய் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். தந்தைக்கு இரவுப் பணி, பகலில் தூங்குவார். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்ததும் சிறுமிக்கு விளையாட்டுப் பயிற்சி உண்டு. அந்த நாட்களில் மாலை ஆறு மணிக்குத் தாய் பள்ளி வாசலில் வந்து அழைத்துப்போவார். மற்ற நாட்களில் பள்ளி வாகனம்.

நான் அந்தப் பள்ளியின் பெற்றோர் குழுவில் பாதுகாப்புப் பொறுப்பைப் பார்க்கிறேன். நிகழ்வு நடந்த ஒரு வாரத்துக்குள் பெற்றோர், காவலாளி, நூலகப் பணியாளர், சிறுமி ஆகியோரிடம் தனித்தனியே பேசினேன். அவரவர் கைப்பேசியில் பதிவாகியிருந்த அழைப்புப் பட்டியலைப் பார்த்து நேரங்களைச் சரிபார்த்தேன். நேரங்களில் நினைவை நம்பவில்லை. ஏனென்றால் காவலாளி "ஐந்தாறு முறை கூப்பிட்டேன்" என்றார், பட்டியலில் இருந்தவை நான்கு அழைப்புகள். அவர் பொய் சொல்லவில்லை. பதற்றத்தில் எண்ணிக்கை பெருகிவிடும். எல்லோருடைய சம்மதத்துடனும் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

சிறுமிக்குக் கைப்பேசி இல்லை. பெற்றோர் யோசித்து எடுத்த முடிவு அது; பள்ளியும் கைப்பேசியை அனுமதிப்பதில்லை. அதற்கு ஈடாக இரண்டு ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். தாயின் எண்ணையும் தந்தையின் எண்ணையும் அவளுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார்கள். ஏதாவது ஆனால் பள்ளி வாசலை விட்டு எங்கும் போகாமல், வாசலில் இருக்கும் பெரியவரிடம் கைப்பேசி கேட்டு வீட்டுக்கு அழைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் இவ்வளவு கூடக் கிடையாது. நிகழ்வுக்குப் பிறகு நான் விசாரித்த பிள்ளைகளில் பலர், அம்மாவின் எண் என்ன என்று கேட்டால், "அம்மா படத்தைத் தொட்டால் போதும்" என்றார்கள்.

முந்தைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. தெருமுனையில் நாணயம் போட்டுப் பேசும் தொலைபேசி இருந்தது. வீட்டில் ஒரே எண். அந்த எண் ஒலித்தால் வீட்டில் இருக்கும் யாராவது ஓடிவந்து எடுப்பார்கள். நியூயார்க் நகரம் தனக்குச் சொந்தமான கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022 மே மாதம் அகற்றியது. ஆஸ்திரேலியாவிலோ 2021இல் பொதுத் தொலைபேசிகளிலிருந்து உள்நாட்டு அழைப்புகளை இலவசமாக்கினார்கள். ஆனால் பல நாடுகளில் அந்தக் கூண்டுகள் பெரும்பாலும் போய்விட்டன என்றே சொல்லலாம். இன்று கைப்பேசி இல்லாத குழந்தைக்கு மிஞ்சுவது இன்னொருவரின் கைப்பேசி. அதாவது, பெற்றோரின் திரையில் தோன்றப்போவது அறிமுகமில்லாத ஓர் எண். இந்த நிகழ்வின் முடிச்சு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

அன்று நடந்தது

மாலை 3:40க்கு வகுப்பு முடிந்தது. பயிற்சியாளருக்கு உடல்நலம் இல்லாததால் பயிற்சி ரத்து என்று பிள்ளைகளிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். பெற்றோருக்கும் குறுஞ்செய்தி போனது. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் முதல் தொடர்பாக இருந்தது தந்தையின் எண். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பள்ளி வாகனம் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த மற்ற பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள், ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். 4:10 அளவில் வாசல் பெஞ்சில் இவள் மட்டும் மிஞ்சினாள். சொல்லிவைத்தபடியே காவலாளியிடம் போனாள்.

"தாத்தா, உங்க போனில் அம்மாவைக் கூப்பிட்டுத் தருகிறீர்களா?"

காவலாளி தயங்கவில்லை. அவர் கைப்பேசியின் திரை ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. 4, 7 ஆகிய எண்கள் இரண்டு முறை அழுத்தினால்தான் பதியும். சிறுமி தாயின் எண்ணை மெட்டுப் போட்டுப் பாடித்தான் மனப்பாடம் செய்திருந்தாள். நடுவில் அவர் "கடைசி நாலு எண் மறுபடி சொல்லு" என்றபோது அவளால் அங்கிருந்து தொடங்க முடியவில்லை. முதலிலிருந்து பாட வேண்டியிருந்தது. மூன்றாவது முறை பாடியபோது எண் சரியாக விழுந்தது. 4:15க்குத் தாய்க்கு முதல் அழைப்பு. காவலாளியின் காதில் மணி ஒலித்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் பதிவுக் குரல் வந்ததும் துண்டித்துவிட்டார். 4:17க்குத் தந்தைக்கு அழைத்தார். அதையும் யாரும் எடுக்கவில்லை.

"வேலையாக இருப்பார்கள். உடனே உடனே கூப்பிட்டால் தொந்தரவாக இருக்கும்" என்று எண்ணிக் காத்திருந்தார். 4:27க்கும் 4:29க்கும் இருவரையும் மறுபடி அழைத்தார். இந்தப் பத்து நிமிட நாகரிகத்துக்கு என்ன விலை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து மணிக்கு அவருக்குப் பணி முடியும். அப்போது பிரதான வாசலையும் பூட்டுவார்கள். மாற்றுக் காவலாளி வரத் தாமதம். குழந்தையைத் தனியே விட மனமில்லாமல், 4:55க்கு அவளைக் கையைப் பிடித்து எதிர்ப்புறம் இருந்த பொது நூலகத்துக்கு அழைத்துப்போய், அங்கிருந்த பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். மாற்றுக் காவலாளி வந்தது 5:20க்கு. இருவரும் சந்திக்கவே இல்லை. வாசலில் பதிவேடு இருந்தது. அன்று பிற்பகல் காகிதக் கட்டுகள் இறக்கிய வண்டியின் எண்ணும் நேரமும் அதில் அழகான கையெழுத்தில் இருக்கின்றன. சிறுமியைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படி ஒரு பத்தியே அந்தப் பதிவேட்டில் கிடையாது.

நூலகப் பணியாளர் சிறுமியிடம் மேசைத் தொலைபேசியைக் காட்டி, "நீயே கூப்பிடு" என்றார். அவள் எண்களை அழுத்தினாள், அழைப்பு போகவில்லை. வெளியே பேச முதலில் 0 அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பணியாளர் சொல்லிக்கொடுத்து 5:12க்கு அழைப்பு போனது. தாய் எடுக்கவில்லை. 5:35க்குப் பணியாளர் தன் சொந்தக் கைப்பேசியிலிருந்து தாய்க்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்: "உங்கள் மகள் எங்களிடம் இருக்கிறாள். உடனே தொடர்புகொள்ளவும்."

6:02க்குத் தாய் பள்ளி வாசலுக்கு வந்தார். வாசல் பூட்டியிருந்தது. புதிய காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. "பயிற்சி இன்று இல்லையே, பிள்ளைகள் நான்கு மணிக்கே போய்விட்டார்களாம்" என்றார். தாய் தந்தையை அழைத்தார். அவர் எழுந்து, பள்ளியின் குறுஞ்செய்தியையும் தவறிய இரண்டு அழைப்புகளையும் பார்த்தார். மகள் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக எங்கே இருக்கிறாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

தாய் தன் கைப்பேசியில் அழைப்புப் பட்டியலைத் திறந்தார். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து இரண்டு, இன்னோர் எண்ணிலிருந்து ஒன்று. முதல் எண் காவலாளியுடையது. மின்கலம் தீர்ந்து அணைந்திருந்தது. இரண்டாவது எண்ணை அழைத்தால், "உறுப்பினர் சேவைக்கு ஒன்றை அழுத்தவும்" என்று பதிவுக் குரல் பேசியது. ஏதோ விற்பனை நிறுவனம் என்று நினைத்துத் துண்டித்துவிட்டார். அது நூலகத்தின் பொது எண். மேசையில் இருக்கும் தொலைபேசியிலிருந்து யார் அழைத்தாலும் எதிர்முனையில் தெரிவது அந்தப் பொது எண்தான். திரும்ப அழைத்தால் அழைத்த மேசைக்குப் போகாது.

அடுத்த அரை மணி நேரத்தைத் தாய் விவரிக்க விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தெருவின் இரு முனைகளுக்கும் ஓடியதாகவும், அப்படி ஓடும்போது நூலகத்தின் வாசலைக் கடந்து இரண்டு முறை போனதாகவும் மட்டும் சொன்னார்.

6:41க்கு, காவல்துறைக்கு அழைப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை என்று செய்திகளைத் தேடியபோது, அறியாத எண்களிலிருந்து வரும் செய்திகள் தனியே ஒதுங்கும் பட்டியலில் அந்தக் குறுஞ்செய்தி கிடந்தது. அதைப் படித்ததும் அவருக்கு உயிர் வரவில்லை. இருந்த உயிரும் போனது. "உங்கள் மகள் எங்களிடம் இருக்கிறாள்" என்று யார் எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அனுப்பியவர் பெயர் இல்லை, இடம் இல்லை. நடுங்கும் கையோடு அழைத்தார். ஒரே மணியில் பணியாளர் எடுத்தார். 6:48க்குத் தாயும் மகளும் சந்தித்தார்கள். சிறுமி ஒரு படப் புத்தகத்தின் பாதியில் இருந்தாள். "அம்மா, நான் கூப்பிட்டேன், நீ எடுக்கவே இல்லை" என்றாள்.

கண்டவை

முதலில் வந்த யோசனை எல்லோரிடமிருந்தும் ஒன்றுதான்: "ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்." நான் அதை உடனே ஏற்கவில்லை. ஏனென்றால் அன்று குழந்தையிடம் குறை எதுவும் இல்லை. எண் தெரிந்திருந்தது, சரியான ஆளிடம் கேட்டாள், பாதுகாப்பான இடத்தில் இருந்தாள், மறுபடி முயன்றாள். ஐந்து அழைப்புகளும் ஒரு குறுஞ்செய்தியும் பெற்றோரின் கைப்பேசிகளை எட்டியே விட்டன. எட்டிய இடத்தில் மணிதான் அடிக்கவில்லை.

தாயின் கைப்பேசியில், தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்களை ஒலிக்கவிடாமல் நிறுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்தது. ஐபோனில் 2019ஆம் ஆண்டு ஐஓஎஸ் 13 பதிப்போடு வந்த வசதி இது. வேறு கைப்பேசிகளிலும் இதுபோன்றவை உண்டு. வசதியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாள் முழுக்க வந்த விற்பனை அழைப்புகள் தாங்காமல் ஓராண்டுக்கு முன் தாய் அதை இயக்கினார், இயக்கியதையே மறந்துவிட்டார். அழைப்பவருக்கு மணி ஒலிப்பதுபோல் கேட்கும்; பெறுபவரின் கைப்பேசி அசையாது. 4:15க்கு அந்தக் கைப்பேசி அவர் மேசையில், கை எட்டும் தூரத்தில் இருந்தது.

அதே காரணத்துக்காகத்தான் குறுஞ்செய்தி வடிகட்டியும் இயங்கியது. அறியாத எண்ணின் செய்தி தனிப்பட்டியலுக்குப் போகும், அறிவிப்பு வராது.

தந்தையின் கைப்பேசியில் இருந்தது வேறு பூட்டு. அவர் தூங்கும்போது 'தொந்தரவு செய்யாதே' நிலையை இயக்குவார். அந்த நிலையிலும் ஒரு கதவு திறந்திருக்கும்: ஒரே எண்ணிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். அவர் கைப்பேசியில் அந்த இடைவெளி 3 நிமிடம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது 15 நிமிடம். காவலாளி தந்தையை அழைத்தது 4:17, 4:29. இடைவெளி 12 நிமிடம். வேறு வகைக் கைப்பேசியாக இருந்திருந்தால் எழுந்திருப்பார். உடனே மறுபடி அழைத்திருந்தாலும் எழுந்திருப்பார். பள்ளியிலிருந்து வீடு 3 கிலோமீட்டர்தான்.

இந்த இரண்டு பூட்டுகளும் வெவ்வேறானவை என்பதைப் பெற்றோரே அறிந்திருக்கவில்லை. தந்தைக்குத் திறக்கும் கதவு தாய்க்குத் திறக்காது: அறியாத எண்ணை ஒலிக்கவிடாத வசதி இயங்கினால், அடுத்தடுத்து எத்தனை முறை அழைத்தாலும் மணி அடிக்காது.

இன்னொன்றும் கண்டேன். ஆறு மணிவரை சிறுமி வாசலிலேயே இருந்திருந்தால், ஒரு தொலைபேசியும் தேவைப்பட்டிருக்காது. தாய் வழக்கம்போல் வந்து அழைத்துப்போயிருப்பார். நல்லெண்ணத்தோடு செய்த இடமாற்றம்தான் அவளைக் 'காணாமல்' போகச் செய்தது. இடம் மாறியதில் தவறில்லை. மாறிய இடத்தைப் பழைய இடத்தில் எழுதி வைக்காததுதான் தவறு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நிகழ்வுக்கு ஐந்து நாள் கழித்து பெற்றோர், நான், நூலகப் பணியாளர் ஆகிய நால்வரும் உட்கார்ந்து பேசினோம்.

சிம் அட்டை போடும் ஸ்மார்ட் கடிகாரம் வாங்கலாமா என்று தந்தை கேட்டார். அது நல்ல கேள்வி, நெடுநேரம் பேசினோம். 2017இல் நார்வேயின் நுகர்வோர் மன்றம் குழந்தைகளுக்கான கடிகாரங்கள் சிலவற்றைச் சோதித்து, அன்னியர் குழந்தையின் இருப்பிடத்தைப் பார்க்கும் அளவுக்கு ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு, தொலைவிலிருந்து ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தைக் கடிகாரங்களின் விற்பனையைத் தடைசெய்தது. எல்லாக் கடிகாரமும் அப்படி என்று இல்லை. ஆனாலும் பள்ளிக்குள் அணிய அனுமதி இல்லை. தினமும் மின்னேற்ற வேண்டும். முக்கியமாக, தாயின் கைப்பேசி செவிடாக இருக்கும்வரை கையில் எதைக் கட்டினாலும் பயன் குறைவு. கடிகார எண்ணைத் தொடர்பில் சேமித்தால் ஒலிக்குமே என்றார் தந்தை. உண்மைதான். மின்னேற்ற மறந்த நாளில் மறுபடி காவலாளியின் கைப்பேசிக்குத்தான் வர வேண்டும் என்றேன். இரண்டு ஆண்டு கழித்துப் பார்ப்போம் என்று ஒதுக்கினோம்.

பெறும் முனையைச் சரிசெய்வது முதல் வேலை என்று முடிவானது. தாய் அறியாத எண்களை அடக்கும் வசதியையும் குறுஞ்செய்தி வடிகட்டியையும் முழுதாக நீக்கினார். பயிற்சி நாட்களில் மட்டும் நீக்கலாம் என்று முதலில் சொன்னார், நான் ஒப்பவில்லை. தினமும் நினைவில் வைத்துத் திருப்ப வேண்டிய சாவி ஒரு நாள் மறக்கும், அந்த நாள்தான் தேவைப்படும். விற்பனை அழைப்புகளைப் பொறுத்துக்கொள்வது அவர் கொடுக்கும் விலை. காவலாளிகள் இருவரின் எண்கள், பள்ளி அலுவலகம், நூலகத்தின் பொது எண் எல்லாவற்றையும் இருவரும் பெயரோடு சேமித்தார்கள். தந்தை அந்த எண்கள் தூக்கத்திலும் ஒலிக்கும்படி விலக்குப் பட்டியலில் சேர்த்தார்.

இரண்டாவது, அழைக்கும் முறை. "எடுக்காவிட்டால் காத்திருக்காதே, உடனே அதே எண்ணுக்கு மறுபடி கூப்பிடு" என்று சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்தோம். அடுத்தடுத்து இரண்டு அழைப்பு வந்தால் எந்த எண்ணாக இருந்தாலும், கூட்டத்தின் நடுவில் இருந்தாலும், எடுப்பது என்று பெற்றோர் தமக்குள் விதி வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, செய்தியின் வாசகம். யார், எங்கே, எதுவரை என்ற மூன்றும் முதல் வரியிலேயே வர வேண்டும். நூலகப் பணியாளர் தன் பழைய செய்தியை மறுபடி படித்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். புதிய வாசகத்தை அவரே எழுதினார்: "உங்கள் மகள் பள்ளிக்கு எதிரே உள்ள பொது நூலகத்தில் நலமாக இருக்கிறாள். ஏழு மணிவரை இங்கே இருப்பாள். நான் நூலகப் பணியாளர்." இது அச்சடித்த அட்டையாகச் சிறுமியின் பையில் இருக்கிறது, அட்டையின் பின்புறம் எண்கள்.

நான்காவது, மூன்றாம் எண். பெற்றோர் இருவரும் எடுக்காதபோது யார்? பாட்டி என்றார் தாய். சித்தப்பா என்றார் தந்தை. உறவின் நெருக்கத்தை வைத்து இதை முடிவுசெய்யக் கூடாது என்று தோன்றியது. அவர்கள் சம்மதத்தோடு, அந்த உறவினர்கள் யாருக்கும் தெரியாத என் எண்ணிலிருந்து ஐந்து பேரை ஒரு மாலையில் அழைத்தேன். பாட்டி எடுக்கவில்லை; தெரியாத எண்ணை எடுக்காதே என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்ததே இந்தத் தாய்தான். சித்தப்பா அழைப்பைத் துண்டித்தார். இன்னும் இருவர் எடுக்கவில்லை. பெரியம்மா இரண்டாவது மணியில் எடுத்து, "யாருப்பா?" என்றார். மூன்றாம் எண் அவருடையது என்று அங்கேயே முடிவானது.

ஐந்தாவது, இடம் மாறினால் சீட்டு. வாசல் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்க்கப் பள்ளி ஒப்புக்கொண்டது: குழந்தையின் பெயர், போன இடம், யாருடன், நேரம். அதோடு கதவின் உட்புறக் கண்ணாடியில் ஒட்ட ஒரு துண்டுச் சீட்டு.

அவசர எண்ணைப் பற்றியும் பேசினோம். 112 என்ற எண் கைப்பேசித் தரநிலையிலேயே அவசர எண்ணாகப் பதிந்திருப்பதால், பூட்டிய திரையிலிருந்தும் அதை அழைக்க முடியும். சிறுமி அது தீக்கும் விபத்துக்கும் மட்டும் என்று நினைத்திருந்தாள். பக்கத்தில் நம்பத்தக்க பெரியவர் ஒருவரும் இல்லாமல் தனித்துவிட்டால் அதுவும் அவசரம்தான் என்று விளக்கினோம்.

ஒத்திகைகள்

சொல்லிக்கொடுத்தது போதும் என்று பெற்றோர் நினைத்தார்கள். ஒத்திகை பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதில் கிடைத்தவை வேறு எதிலும் கிடைத்திருக்காது.

முதல் ஒத்திகையில் என் கைப்பேசியைச் சிறுமியிடம் கொடுத்தேன். எண்ணைப் பிழையின்றி அழுத்தினாள். பிறகு கைப்பேசியைக் காதில் வைத்துக் காத்திருந்தாள். பச்சைப் பொத்தானைத் தொடவே இல்லை. நூலகத்தின் மேசைத் தொலைபேசியில் கடைசி எண்ணை அழுத்தியதும் அழைப்பு தானாகப் போனது; எல்லாத் தொலைபேசியும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலோ படங்களைத் தொட்டுத்தான் பழக்கம். ஒன்பது ஆண்டில் அவள் எண்ணை அழுத்தி அழைத்தது நூலகத்தில் ஒரே ஒரு முறை.

இரண்டாவது ஒத்திகை மனப்பாடத்துக்கு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு, குறுகிய கால நினைவில் ஏழு அல்லது அதற்குச் சற்று முன்பின்னான உருப்படிகளே நிற்கும் என்பதும், அவற்றைக் கொத்துகளாகப் பிரித்தால் அதிகம் நிற்கும் என்பதும் பரவலாகத் தெரிந்தவை. சிறுமியின் மெட்டு எண்ணை நினைவில் நிறுத்தியது. ஆனால் அது ஒரே கொத்து. நடுவில் அறுந்தால் முழுதும் போச்சு. பத்து இலக்கங்களை மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்து, எந்தக் கொத்திலிருந்தும் தொடங்கச் சொல்லிப் பழக்கினோம். பழைய மெட்டை மறக்கடிக்க இரண்டு வாரம் ஆனது. தாயின் எண்ணும் பெரியம்மாவின் எண்ணும் சிலநாள் கலந்தன, அதனால்தான் அட்டை.

மூன்றாவது ஒத்திகையில், காவலாளி வேண்டுமென்றே "என் போனில் காசு இல்லை பாப்பா" என்றார். சிறுமி திகைத்து நின்றுவிட்டாள். ஒருவர் இல்லை என்றால் அடுத்தவரிடம் கேட்கலாம் என்பது பெரியவர்களுக்குச் சொல்லவே தேவையில்லாத செய்தி. குழந்தைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் யாரிடம் கேட்கலாம் என்று வரிசை வைத்தோம்: காவலாளி, பள்ளி அலுவலகம், நூலக அக்கா, அதன் பிறகு குழந்தையோடு நிற்கும் ஏதாவது ஒரு தாய்.

பின்னர் நடந்தது

ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, ஒத்திகை அல்லாத ஒரு நாள் வந்தது. இந்த முறை சிக்கல் தாயின் பக்கம். அவர் வந்த ரயில் சுரங்கப்பாதையில் நின்றுவிட்டது, சமிக்ஞை இல்லை. ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்து வாசலுக்கு வந்த சிறுமி, 6:15வரை பார்த்துவிட்டுக் காவலாளியிடம் கைப்பேசி கேட்டாள். தாய்க்கு இரண்டு முறை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற அறிவிப்பு. தந்தைக்கு இரண்டு முறை. அன்று அவருக்குப் பகல் பணி, கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாத பிரிவில் இருந்தார். அட்டையைத் திருப்பிப் பெரியம்மாவின் எண்ணைப் பார்த்து அழுத்தினாள். இரண்டாவது மணியில், "யாருப்பா?"

முதல் அழைப்பிலிருந்து பெரியவர் ஒருவரின் குரல் கேட்கும்வரை ஆன நேரம் 6 நிமிடம். காவலாளியின் உதவியோடு சிறுமி பதிவேட்டில் வரி எழுதி, கண்ணாடியில் சீட்டையும் ஒட்டினாள். 7:05க்குத் தாய் வியர்க்க ஓடிவந்தபோது முதலில் பார்த்தது அந்தச் சீட்டைத்தான். "பெரியம்மாவுடன் உள்ளே இருக்கிறேன்" என்று எழுதியிருந்தது.

'உள்ளே இருக்கிறேன்' என்பதுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. பெரியம்மா 6:40க்கே வந்துவிட்டார். ஆனால் காவலாளி குழந்தையை அனுப்பவில்லை. அழைத்துப்போக அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் பெரியம்மாவின் பெயர் இல்லை. சிறுமி "இது என் பெரியம்மா" என்று சொல்லியும் அவர் அசையவில்லை; அது அவர் கடமை, சரியாகவே செய்தார். இருபத்தைந்து நிமிடம் இருவரும் காவலாளி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா கோபத்தில் இருந்தார். சிறுமி சலிக்கவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

அனுமதிப் பட்டியல் எங்கள் கண்ணில் படவே இல்லை. யாருக்கு அழைப்பது என்பதை மூன்று ஒத்திகை பார்த்தோம். அழைத்தவர் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. குழந்தையின் அட்டையில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பள்ளியின் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஒன்றில் மாறினால் மற்றதிலும் மாற வேண்டும். அடுத்த ஒத்திகை குழந்தை வீடு சேரும்வரை போகும்.

பள்ளியின் குறுஞ்செய்தி ஒரே எண்ணுக்குப் போவதை இன்னும் மாற்றவில்லை. இரு பெற்றோருக்கும் அனுப்பக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாய்மொழி அறிவிப்போடு நிறுத்தாமல், பயிற்சி ரத்தானால் பிள்ளைகளை அனுப்புமுன் ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் பதில் பெற வேண்டும் என்பது எங்கள் இன்னொரு கோரிக்கை. அதற்கு ஆள் இல்லை என்கிறது அலுவலகம். அதில் நியாயமும் இருக்கிறது.

முதல் நாளிலேயே காவலாளியையும் பேச்சில் சேர்த்திருக்க வேண்டும். நால்வர் பேசினோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று குழந்தைக்காக மிக அதிகம் உழைத்தவர் அந்த மேசையில் இல்லை. அனுமதிப் பட்டியலைப் பற்றி அவர் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார்.

மறுநாள் தாய் பள்ளி அலுவலகத்துக்குப் போய்ப் பெரியம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். படிவத்தில் பெயர் எழுத இரண்டு கோடுகள்தான் இருந்தன, இரண்டும் நிரம்பியிருந்தன. அலுவலகப் பணியாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரியம்மாவின் பெயரையும் எண்ணையும் எழுதி, படிவத்தின் ஓரத்தில் பின் அடித்து வைத்தார்.